சீபக்தார்ன் வாங்குவதற்கு முன்னால்: பாலக்கோட்டில் இருந்து ஒரு வழிகாட்டி

போன ஐப்பசியில் எங்கள் வீட்டு அலமாரியில் ஆரஞ்சு நிறத்தில் மூன்று சீபக்தார்ன் ஜூஸ் பாட்டில்கள் வரிசையாக நின்றன. நான்காவது ஃபிரிட்ஜில், பாதி காலியாக. கொண்டுவந்து கொடுத்தது என் தாய்மாமா. "லடாக் பழம் மச்சான், மிலிட்டரிக்காரங்களே குடிக்கிறாங்க. மூணே மாசத்துல சர்க்கரை இறங்கிடும்" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அரை லிட்டர் பாட்டில் 1,350 ரூபாய்.

அப்பாவுக்கு 64 வயது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, இதயத்தில் ஒரு ஸ்டென்ட். ஜூஸ் குடிக்க ஆரம்பித்த ஒரு வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 138ல் இருந்து 214க்குப் போய்விட்டது. பழத்தின் மேல் பழி போட முடியாது. பாட்டிலுக்குள் கரைத்திருந்த சர்க்கரை ஒரு காரணம். "ஜூஸ்தான் குடிக்கிறோமே" என்று அப்பா மாத்திரையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டது இன்னொரு காரணம். அதைச் சரிசெய்யவும் கொடுத்த பணத்தில் கொஞ்சமாவது திரும்ப வாங்கவும் எனக்கு இரண்டரை மாதம் ஆனது.

உங்கள் வீட்டுக்கும் இந்தப் பாட்டில் வரலாம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வாட்ஸ்அப்பிலும் சொந்தக்காரர் மூலமாகவும்தான் இது அதிகம் வருகிறது. வந்தால் என்ன செய்வது என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. லேபிளைப் படிக்கக் கற்றுக்கொண்ட ஒரு மகன், அவ்வளவுதான்.

1. பெயரைச் சரியாகப் பிடியுங்கள்

சீபக்தார்ன் என்பது முள் நிறைந்த ஒரு புதர்ச்செடி. அறிவியல் பெயர் ஹிப்போஃபே ராம்னாய்டஸ். பெயரில் 'சீ' இருந்தாலும் நம் நாட்டில் கடலுக்குப் பக்கத்தில் விளைவதில்லை. லடாக், இமாசலத்தின் லாஹௌல்-ஸ்பிதி, உத்தராகண்டம், சிக்கிம் போன்ற குளிர்மலைப் பகுதிகளில் விளைகிறது. பழம் பட்டாணி அளவுதான், பளீர் ஆரஞ்சு, பல் கூசும் புளிப்பு. மெல்லிய தோல் என்பதால் பறித்தவுடனே கசங்கிவிடும். ஆகவே பச்சைப் பழம் பாலக்கோட்டுச் சந்தைக்கு வர வாய்ப்பே இல்லை. நமக்குக் கிடைப்பது ஜூஸ், கூழ், பொடி, எண்ணெய், கேப்ஸ்யூல், இலையில் செய்த டீ, இவைதான்.

இதில் ஒரு பொறி உண்டு. வெறும் 'பக்தார்ன்' என்று தேடினால் வேறு செடிகளும் வரும். ராம்னஸ் இனத்துப் பக்தார்ன் பட்டை வயிற்றைப் பிடுங்கி எடுக்கும் பேதி மருந்து. ஆன்லைனில் வாங்கும்போது ஹிப்போஃபே என்ற சொல் லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, நாற்று. "நம்ம ஊர்லயே வளர்க்கலாம், ஏக்கருக்கு லட்சக்கணக்கில் வரும்" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். இது மைனஸ் 40 டிகிரி குளிரைத் தாங்கும் செடி, அந்தக் குளிர்தான் அதற்கு வீடு. நம் சித்திரை வெயிலில் நட்டு என்ன ஆகப்போகிறது? அதுவும் போக, ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. காற்றில் மகரந்தம் வந்து சேர்ந்தால்தான் பெண் செடி காய்க்கும். தனியாக ஒரே ஒரு நாற்றை உங்கள் தலையில் கட்டுகிறவருக்கு இதுகூடத் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. எதற்காக வாங்குகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்

சிரிக்காதீர்கள், நிஜமாகவே காகிதத்தில் எழுதுங்கள். "சர்க்கரை குறைய", "கண் உலர்வுக்கு", "தோலுக்கு", "சும்மா சத்துக்கு". காரணத்தைப் பொறுத்துப் பதில் மாறும். மாமா கொண்டுவந்த துண்டுச்சீட்டில் 47 நோய்களின் பெயர் இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில்!

மனிதர்களிடம் சோதித்ததில் என்ன தெரிந்திருக்கிறது என்று பார்த்தால் விஷயம் ரொம்ப அடக்கமாக இருக்கிறது.

கண் உலர்வு: ஃபின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010ல் வெளியிட்ட சோதனையில் தினம் 2 கிராம் எண்ணெயை மூன்று மாதம் கொடுத்தார்கள். குளிர்காலத்தில் கண்ணீர் கெட்டிப்படுவது எண்ணெய் சாப்பிட்டவர்களுக்குக் குறைவாக இருந்தது, எரிச்சலும் சிவப்பும் ஓரளவு குறைந்தன. இது எண்ணெயில் வந்த பலன். ஜூஸுக்கு இதைச் சொல்ல முடியாது.

சளி, காய்ச்சல்: அதே ஊர் ஆய்வாளர்கள் 2008ல் வெளியிட்ட சோதனையில் 254 பேர் கலந்துகொண்டார்கள். தினம் 28 கிராம் பழக்கூழ், 90 நாள். சளி பிடித்த தடவையும் குறையவில்லை, பிடித்த சளி சீக்கிரம் விடவும் இல்லை. உடலில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு மட்டும் சிறிது இறங்கியது. "எதிர்ப்புச் சக்தி" என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சோதனைதான் நினைவுக்கு வரும்.

தோல் அரிப்பு, எக்சிமா: 1999ல் வந்த ஒரு சிறு சோதனையில் பழக்கூழ் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கு முன்னேற்றம் தெரிந்தது. ஒப்பிடுவதற்காகப் பாரஃபின் எண்ணெய் கொடுத்தவர்களுக்கும் தெரிந்தது. அப்படியென்றால் பாராட்டு யாருக்கு?

மாதவிடாய் நின்ற பெண்களின் பிறப்புறுப்பு உலர்வு: தினம் 3 கிராம் எண்ணெய், மூன்று மாதம், 2014ல் வெளியான சோதனை. கொஞ்சம் நம்பிக்கை தரும் விளைவு. நம் ஊரில் பெண்கள் வெளியே சொல்லாத தொந்தரவு இது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், பெண் மருத்துவரிடம் கேட்கலாம்.

சர்க்கரை நோய், புற்றுநோய், இதய அடைப்பு குணமாகும் என்பதற்கு மருந்தை விட்டுவிடும் அளவுக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆய்வகத்தில், எலியிடம், கண்ணாடிக் குழாயில் கிடைத்த முடிவுகளைத்தான் துண்டுச்சீட்டில் மனிதர்களுக்கு நடந்த மாதிரி எழுதுகிறார்கள். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் வருட மருந்து மற்றும் மாய நிவாரண விளம்பரச் சட்டப்படி குற்றம். அப்படி அச்சடித்த சீட்டு கைக்கு வந்தால் கிழித்துப் போடாதீர்கள். 9ஆம் படியில் அது உங்களுக்கு ஆவணம்.

3. பழமா, ஜூஸா, எண்ணெயா என்று பிரித்துக்கொள்ளுங்கள்

முதல் தடவை நான் கோட்டை விட்ட இடம் இதுதான். பழத்தைப் பற்றிப் படித்தேன், எண்ணெயைப் பற்றி வீடியோ பார்த்தேன், வாங்கியது ஜூஸ். மூன்றும் மூன்று பொருள்.

பழத்தில் வைட்டமின் சி உண்டு. எவ்வளவு என்பது எந்த மண், எந்த ரகம் என்பதைப் பொறுத்தது. ஐரோப்பிய ரகங்களில் 100 கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குள் நின்றதும் உண்டு, சீன ரகங்களில் 2,000ஐத் தாண்டியதும் உண்டு. விற்கிறவர் மேல் கோடியில் இருக்கும் எண்ணை மட்டும் சொல்வார். "ஆரஞ்சைவிடப் பல மடங்கு" என்பது சில பழங்களுக்கு உண்மை, உங்கள் பாட்டிலுக்கும் உண்மையா என்பது தெரியாது. மேலும் வைட்டமின் சி சூட்டிலும் நாள்பட வைப்பதிலும் குறைந்துகொண்டே போகும்.

அப்புறம் நிறம் தரும் கரோட்டினாய்டுகள், வைட்டமின் ஈ, க்வெர்செட்டின் வகையைச் சேர்ந்த ஃபிளேவனாய்டுகள். புளிப்புக்குக் காரணம் மாலிக், குயினிக் அமிலங்கள். சாதாரணமாகப் பழச்சதையில் கொழுப்பு இருப்பது அபூர்வம், இந்தப் பழத்தில் சதையிலும் எண்ணெய் இருக்கிறது, விதையிலும் இருக்கிறது.

அந்த இரண்டு எண்ணெயும் ஒன்றல்ல என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'ஒமேகா 7' என்று விளம்பரம் செய்யும் பால்மிடோலிக் அமிலம் சதை எண்ணெயில்தான் அதிகம். விதை எண்ணெயில் அது பேருக்குத்தான், அதில் இருப்பது ஒமேகா 3, ஒமேகா 6. விதை எண்ணெய்ப் பாட்டிலில் 'ஒமேகா 7 நிறைந்தது' என்று எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். ஒமேகா 7ஐ நம் உடம்பே தயாரித்துக்கொள்ளும். அது வெளியில் இருந்து கட்டாயம் வர வேண்டிய கொழுப்பு அமிலம் இல்லை.

ஜூஸில் எண்ணெய் மிகக் குறைவாகவே மிஞ்சும். கண்ணுக்கு என்று 2ஆம் படியில் எழுதியிருந்தால் ஜூஸ் வாங்கிப் பயனில்லை.

கேப்ஸ்யூல் வாங்கும் சைவக் குடும்பங்கள் உறையைப் பாருங்கள். ஜெலட்டின் உறை விலங்கில் இருந்து வருவது. பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் என்றால் சைவம், பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் என்றால் அசைவம்.

4. பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள்

முன்பக்கத்தில் பனிமலை, முள்செடி, ஒரு சிப்பாயின் நிழல். பின்பக்கத்து எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. ஃபோனில் படம் எடுத்து, பெரிதாக்கிப் படித்தேன். அந்த ஒரு படத்தை முன்னமே எடுத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

முதலில் சேர்மானங்கள். எடையில் எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. எங்கள் பாட்டிலில் இருந்தது: நீர், சர்க்கரை, சீபக்தார்ன் பழக்கூழ் (25%), அமிலத்தன்மைச் சீராக்கி, பதப்படுத்தும் பொருள். மாமா அதை ஜூஸ் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் அது ஸ்குவாஷ். 25 சதவீதப் பழமும் 40 சதவீதக் கரைபொருளும் ஸ்குவாஷுக்கு உள்ள குறைந்தபட்ச அளவு. 'ரெடி டு சர்வ்' பானமாக இருந்தால் பழம் 10 சதவீதம் இருந்தாலே போதும், சட்டம் அதை ஏற்றுக்கொள்கிறது.

அடுத்து சத்து அட்டவணை. '100 மில்லிக்கு, சேர்த்த சர்க்கரை 42 கிராம்' என்று இருந்தது. மாமா சொன்ன அளவு காலை 30 மில்லி, இரவு 30 மில்லி. ஆக ஒரு நாளைக்கு 60 மில்லி, அதில் 25 கிராம் சர்க்கரை. டீஸ்பூன் கணக்கில் ஐந்து. காலையில் டீயில் அரை ஸ்பூன் சர்க்கரை போட்டதற்கு அம்மாவிடம் திட்டு வாங்குகிற மனிதர், ஒரு வாரமாகத் தினம் ஐந்து ஸ்பூனை மருந்து என்று குடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண். 14 இலக்கம். 1ல் தொடங்கினால் லைசென்ஸ், 2ல் தொடங்கினால் சிறு வியாபாரிக்கான பதிவு. அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயர், முகவரி, லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்பது வந்துவிடும். காசு கிடையாது, இரண்டு நிமிட வேலை. பெயர் பாட்டிலில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஆனால் ஒன்று: இந்த எண் இருப்பதால் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று அர்த்தம் இல்லை. உணவுத் தொழில் நடத்த அனுமதி இருக்கிறது, அவ்வளவே. கேப்ஸ்யூல் போன்ற ஊட்டச்சத்துப் பொருள்களில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகம் இருந்தே ஆக வேண்டும். அந்த வரியை மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

நான்காவது: தயாரித்த தேதி, எதற்குள் பயன்படுத்த வேண்டும், அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் முகவரி, வாடிக்கையாளர் தொடர்பு. வெளிநாட்டு எண்ணெயாக இருந்தால் எந்த நாடு, யார் இறக்குமதி செய்தது என்பதும் இருக்க வேண்டும். ஸ்டிக்கரின் மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டி விலை போட்டிருந்தால் வாங்காதீர்கள்.

'100 சதவீத ஜூஸ்' என்று இருந்தால்? செறிவாக்கிய சாற்றில் தண்ணீர் கலந்து திரும்ப ஆக்கிய ஜூஸ்களுக்கு அந்த வாசகம் கூடாது என்று எஃப்எஸ்எஸ்ஏஐ 2024 ஜூனிலேயே உத்தரவு போட்டுவிட்டது. பழைய லேபிளோடு இன்னும் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

'மிலிட்டரி' கதையைப் பற்றி. லே நகரில் டிஆர்டிஓ என்ற ராணுவ ஆராய்ச்சி அமைப்பின் மலைப்பகுதி ஆய்வகமான டிஹார் இந்தப் பழத்தைப் பதப்படுத்துவதில் வேலை செய்திருப்பது உண்மை. அங்கே உருவான தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனங்கள் வாங்கியதும் உண்மை. உங்கள் கையில் இருக்கும் பாட்டிலை ராணுவம் சோதித்து முத்திரை குத்தியது என்று அதற்குப் பொருள் இல்லை.

5. விலையை நெல்லிக்காய்க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

தகடூர்க்காரன், அதாவது தருமபுரிக்காரன், நெல்லிக்காயைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அதியமான் ஔவைக்குக் கொடுத்த பழம். அவனுக்கு மட்டும் ஒரு டெலிகிராம் குரூப் இருந்திருந்தால் என்ன விலை போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, கணக்கு. 500 மில்லி 1,350 ரூபாய் என்றால் தினம் 60 மில்லிக்கு 162 ரூபாய். பாட்டில் எட்டு நாளில் தீரும், மாதம் நான்கு பாட்டில், 5,400 ரூபாய். அந்த 60 மில்லியில் கூழ் 15 மில்லிதான். நல்ல ரகக் கூழ், 100 மில்லிக்கு 400 மில்லிகிராம் வைட்டமின் சி என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். கிடைப்பது 60 மில்லிகிராம், அதுவும் சூட்டில் போனதைக் கழிக்காமல்.

ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் வெளியிட்ட அட்டவணைப்படி நெல்லிக்காயில் 100 கிராமுக்கு சுமார் 250 மில்லிகிராம். பழைய அட்டவணைகளில் 600 என்று இருந்தது, நான் குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு பெரிய நெல்லிக்காயில் கொட்டை போகச் சதை 30 கிராம் என்றால் 75 மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரைப்படி ஒரு நாள் தேவை ஆண்களுக்கு 80, பெண்களுக்கு 65. தருமபுரி பேருந்து நிலையத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் அன்று நான் வாங்கிய நெல்லிக்காய் கிலோ 60 ரூபாய். ஒரு காய் இரண்டு, இரண்டரை ரூபாய். கொய்யாவும் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டும்.

நியாயமாகவும் பேச வேண்டும். நெல்லியில் சீபக்தார்ன் எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் கிடைக்காது. கண் உலர்வுக்காக எண்ணெய் முயன்று பார்க்க நினைத்தால் நெல்லி அதற்கு மாற்றில்லை. ஆனால் காகிதத்தில் 'சும்மா சத்துக்கு' என்று எழுதியிருந்தால் இந்தப் படியோடு நிறுத்திக்கொள்ளலாம். முருங்கைக்கீரையும் பப்பாளியும் கொல்லையிலேயே இருக்கின்றன.

6. மருத்துவரிடம் இந்தக் காகிதங்களோடு போங்கள்

இன்னமும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பணம் கட்டும் முன்பு ஒரு நாள் ஒதுக்குங்கள். அரசு மருத்துவமனையில் வெளிநோயாளிச் சீட்டுக்குக் காசு இல்லை, நேரம்தான் செலவு. காலை எட்டு மணிக்கெல்லாம் வரிசையில் நின்றுவிட்டால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். எடுத்துப் போக வேண்டியவை:

— இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும். சீட்டு மட்டும் போதாது, அட்டைகளையே ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள்.
— கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, இருந்தால்.
— மூன்று மாதத்துக்குள் எடுத்த ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), கிரியேட்டினின் (சிறுநீரகச் சோதனை) முடிவுகள்.
— பாட்டில் பின்பக்கத்தின் படம், பெரிதாக்கிப் பிரிண்ட் எடுத்தது. ஜெராக்ஸ் கடையில் பத்து ரூபாய்.

"டாக்டர், சீபக்தார்ன் சாப்பிடலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். பெயரே கேள்விப்படாத மருத்துவராக இருந்தால் "எதுக்குங்க அதெல்லாம்" என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். "அப்பா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார், இதையும் சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தக்கசிவு வருமா?" என்று கேளுங்கள். காரணம் இருக்கிறது. 2000ல் வெளியான ஒரு சிறிய சோதனையில் 12 ஆண்களுக்கு இந்த எண்ணெயைத் தினம் 5 கிராம் வீதம் நான்கு வாரம் கொடுத்து, தேங்காய் எண்ணெயோடு ஒப்பிட்டார்கள். ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளும் தன்மை குறைந்தது. கேட்க நல்ல செய்தி மாதிரி இருக்கும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் எடுப்பவருக்கு அது ஆபத்தின் மேல் ஆபத்து.

அப்பா ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் சாப்பிடுகிறவர். அது தெரியவந்த அன்று மருத்துவர் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அறுவை சிகிச்சை அல்லது பல் பிடுங்குவது என்று தேதி குறித்திருந்தால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும், மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் இது பாதுகாப்பு என்று சொல்ல ஆதாரம் போதாது. அவர்களுக்கு வேண்டாம்.

7. பணம் கொடுக்கும்போது பில் வாங்குங்கள்

உறவுக்காரரிடம் பில் கேட்பது சங்கடம்தான். நானும் கேட்கவில்லை. ஜிபேயில் 5,400 போட்டேன், குறிப்பில் 'மாமா' என்று எழுதியிருந்தேன். பிறகு புகார் கொடுக்கப் போனபோது அது மாமாவுக்குக் கொடுத்த கைமாற்று மாதிரி இருந்தது. நீங்கள் குறிப்பில் பொருளின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதுங்கள்.

நேரடி விற்பனைக்கு 2021 டிசம்பரில் மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. நம் ஊரில் யாருக்கும் தெரியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். விற்க வருகிறவரிடம் அடையாள அட்டை இருக்க வேண்டும். முன்கூட்டியே கேட்காமல் வீட்டுக்கு வரக்கூடாது. விலை, திருப்பிக் கொடுக்கும் நிபந்தனை, பணம் திரும்பக் கிடைக்கும் விதம் எல்லாம் சொல்ல வேண்டும். சேர்வதற்கு நுழைவுக் கட்டணம் வாங்கக்கூடாது. ஆள் சேர்ப்பதற்கே பணம் தரும் பிரமிட் திட்டம் அடியோடு தடை. "மூணு பேரைச் சேர்த்தா உங்க பாட்டில் ஃப்ரீ" என்று சொன்னால் எழுந்து உள்ளே போய்விடுங்கள்.

8. குடிக்க ஆரம்பித்தால்

மாத்திரையைக் குறைக்காதீர்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் இதைத் திரும்ப எழுதுவேன்.

சர்க்கரை சேர்க்காத ஜூஸாக இருந்தால் தண்ணீர் கலந்து, சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு டீஸ்பூனில் தொடங்குங்கள். புளிப்பு அதிகம், வெறும் வயிற்றில் எரியும், பல் எனாமலுக்கும் நல்லதல்ல. குடித்தவுடன் வாய் கொப்பளியுங்கள், உடனே பல் தேய்க்காதீர்கள். திறந்த பாட்டில் ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் பெரிய பாட்டில் வேண்டாம். எண்ணெய் சட்டையில் பட்டால் மஞ்சள் கறை போகாது, அம்மா துண்டைக் காட்டிக் காட்டிப் புலம்பினார்.

பலன் சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவை மூன்று மாதம் நடந்தவை. ஒரு வாரத்தில் பலன் தெரிகிறது என்று யாராவது சொன்னால் அது மனசுதான். அதேபோல மூன்று மாதம் முடிந்தும் ஒன்றும் மாறவில்லை என்றால் நான்காவது மாதம் வாங்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் முதல் இரண்டு வாரம் வீட்டு மீட்டரில் ஒன்றுவிட்டு ஒரு நாள் பார்த்து நோட்டில் எழுதுங்கள். ஈறில் ரத்தம், காரணமில்லாத நீலத் தழும்பு, கறுப்பு மலம் தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

9. ஏமாந்திருந்தால்

முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். குறைதீர் அதிகாரி ஒருவரை வைத்திருப்பது அவர்கள் கடமை. 48 வேலை நேரத்துக்குள் 'புகார் கிடைத்தது' என்று பதில் வர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு வர வேண்டும். எனக்கு முதல் பதில் ஒன்பதாம் நாள் வந்தது. வந்ததே அதிசயம்.

அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்திலேயே பதியலாம். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போனதில் இருந்து மூன்று மாதத்தில், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும், மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

லேபிளிலோ பொருளிலோ கோளாறு என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறைக்குத் தனியாக எழுத வேண்டும். நீங்களே பாட்டிலைச் சோதனைக்கு அனுப்பவும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவில் வழி இருக்கிறது. கட்டணம் கட்ட வேண்டும், பொருள் தவறு என்று முடிவு வந்தால் அந்தக் கட்டணம் திரும்ப வரும். நமக்குக் கிட்டே சேலத்தில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. ஆனால் ஒரு முள் இருக்கிறது: 'இதைச் சோதனைக்கு அனுப்பப் போகிறேன்' என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லியிருக்க வேண்டும். பாதி குடித்த பாட்டிலோடு போய் நின்ற எனக்கு அங்கேதான் இது தெரிந்தது.

கையில் வைத்திருக்க வேண்டியவை: பில் அல்லது ஜிபே ரசீது, பாட்டிலின் முன்பக்கம் பின்பக்கம் படங்கள், பேட்ச் எண், நோய் குணமாகும் என்று சொல்லும் வாட்ஸ்அப் செய்திகளின் ஸ்கிரீன்ஷாட் (தேதி தெரிகிற மாதிரி), துண்டுச்சீட்டு, குடிக்கும் முன்னும் பின்னும் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவுகள். எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ்.

எங்களுக்குத் திறக்காத மூன்று பாட்டிலுக்கு 4,050 ரூபாய் திரும்ப வந்தது. திறந்த பாட்டிலுக்கு இல்லை. மாமா அந்த நேரடி விற்பனைக் குழுவில் இருந்து வெளியே வந்துவிட்டார், அவர் கட்டிய பணம் இன்னும் வரவில்லை. அவருக்காக இப்போது இரண்டாவது புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை ஸ்கிரீன்ஷாட் எல்லாம் தேதியோடு இருக்கிறது.